கூரை போனால் நிறம் போகும்

இடிந்து கிடக்கும் பழைய தேவாலயத்துக்கோ கோயிலுக்கோ போகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். என் கண் முதலில் மேலேதான் போகும். கூரை இருக்கிறதா, இருந்தால் எந்த மூலையால் ஒழுகுகிறது, மழைத்தண்ணீர் இறங்கிய தடம் சுவரில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் ஓவியம் பக்கம் திரும்புவேன். நான் ஓவியன் அல்லன். மேசன் வேலையில் தொடங்கி, சுண்ணாம்புச் சாந்து பழகி, பழைய பூச்சுகளை விழாமல் பிடித்து நிறுத்துகிற வேலைக்கு வந்தவன். ஓவியம் எதன்மேல் நிற்கிறதோ அதைக் கவனிப்பது என் தொழில்.

பூச்சைக் கெடுப்பதில் தண்ணீரோடு கூட்டுச் சேர்வது உப்பு. முல்லைத்தீவுக் கரையில் உள்ள நாயாற்றுப் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றித் தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு, இடையில் மணல்திட்டு. வாடைக்காற்று தொடங்கினால் கதவுக் கீலிலிருந்து சைக்கிள் சங்கிலிவரை எல்லாம் துருவேறும். கடற்கரை மண்ணைக் குழைத்துப் பூசிய சுவர் சில மாரி தாண்டுமுன் அடியில் பூத்து, தட்டினால் மாவாகக் கொட்டும். எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர், மண் வந்து இறங்கியதும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். என்னையும் வைக்கச் சொல்வார். “கரிச்சால் அள்ளாதை தம்பி, நல்லாக் கழுவிப்போட்டு எடு” என்பார். இன்றைக்கும் ஆய்வுகூட அறிக்கை கைக்கு வருமுன் நான் நம்புவது நாக்கைத்தான்.

உப்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நிலத்திலிருந்தோ கூரையிலிருந்தோ சுவருக்குள் போன தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிமுகத்துக்கு வரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு அங்கேயே தங்கிப் பளிங்காகும். பூச்சின் நுண்துளைக்குள் பளிங்கு வளரும்போது பூச்சை உள்ளிருந்து நெருக்கி உடைக்கும். நிறம் இருப்பதோ பூச்சின் மேல்முகத்தில், தாள் அளவுகூட இல்லாத தடிப்பில். ஆகவே முதலில் போவது நிறம். ஒவ்வொரு மழையும் அதற்குப் பின்வரும் ஒவ்வொரு வெயிலும் இதையே திரும்பத் திரும்பச் செய்யும். ஓவியம் “மங்கிவிட்டது” என்று சொல்கிற இடங்கள் பலவற்றில் நிறம் மங்கவில்லை. பூச்சோடு சேர்ந்து கீழே கொட்டியிருக்கிறது.

சங்கானையில் ஒரு பழைய தேவாலயத்தின் எச்சம் நிற்கிறது. 1619-இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. அதன்பின் ஊருக்கு ஊர் எழுந்த தேவாலயங்களில் அதுவும் ஒன்று. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அவற்றைத் தங்கள் வழிபாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் போதகர் பிலிப்பஸ் பால்டேயஸ் இந்தக் கிராமத் தேவாலயங்களைப் பற்றி எழுதி, படங்களோடு 1672-இல் அம்ஸ்ரர்டாமில் நூலாக வெளியிட்டார். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை என்று நமக்குப் பழக்கமான ஊர்ப் பெயர்கள் அதில் வரும். ஐரோப்பாவின் மத்திய காலத்துக்கு இவை பிந்தியவைதான். ஆனால் தடித்த சுவர், வளைவு, சுண்ணாம்பு என்ற வேலைமுறை அந்தக் காலத்தின் தொடர்ச்சி.

சங்கானைச் சுவருக்குக் கிட்டப் போய் நின்று பாருங்கள். கல் முருகைக்கல். வெட்டுமுகத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளைகள் தெரியும். பூச்சு விழுந்துவிட்ட இடங்களிலும் அந்தத் துளைகளுக்குள் சுண்ணாம்பு இறுகி அடைத்துக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டினால் வராது. கடலில் வளர்ந்த முருகைக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பதும் சுண்ணாம்புதான். நீற்றிப் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சித் திரும்பவும் கல்லாகும். கல்லும் பூச்சும் ஒரே பொருள் என்பதால் வெயிலுக்கு ஒன்றாக விரிந்து குளிருக்கு ஒன்றாகச் சுருங்கும். இந்தப் பொருத்தம் சீமெந்தில் கிடையாது. இன்று கடலோரத்தில் முருகைக்கல் எடுக்கச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அது சரியான தடை. பழுதுபார்ப்புக்கு மட்டிச் சிப்பிச் சுண்ணாம்பு தாராளமாகப் போதும். தண்ணீருக்குள் மாதக்கணக்கில் கிடந்து வெண்ணெயாகத் திரண்ட சுண்ணாம்பாக மட்டும் இருக்க வேண்டும்.

சங்கானையில் கூரை இல்லை. கூரை இல்லாத தேவாலயத்தின் உட்சுவர் வெளிச்சுவராகிவிடுகிறது. வெளிச்சுவருக்கான பூச்சு வேறு, உட்சுவருக்கான பூச்சு வேறு என்பது எந்த மேசனுக்கும் தெரியும். உள்ளே இருக்கவென்று இழைத்த மெல்லிய பூச்சு மாரிமழையில் நின்றால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே ஆகியிருக்கிறது. கல் மிஞ்சியிருக்கிறது.

ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபை சுரூபங்களையும் படங்களையும் வழிபாட்டில் ஏற்கவில்லை. அந்தக் காலத்தில், 1670 அளவில், மாந்தைக் கத்தோலிக்கர் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் வந்தார்கள் என்பது மடு மாதா கோயிலின் வரலாறு. 2008 ஏப்ரலில் போர் மடுவை நெருங்கியபோது அதே சுரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது. வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு எதைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், எதை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். சுவரோவியம் விட்டுவிட்டு ஓட வேண்டிய வகை. கட்டடம் எங்கே நிற்கிறதோ அங்கேயே அது நின்று, அங்கே நடப்பதையெல்லாம் தாங்க வேண்டும். நான் இந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

படங்களை வெறுத்தவர்கள் படங்களைக் காப்பாற்றிக் கொடுத்த கதையும் உண்டு. இங்கிலாந்தில் ஆறாம் எட்வேர்ட் அரசன் காலத்தில், 1547-இல் பிறந்த கட்டளைகளோடு, கிராமத் தேவாலயங்களின் சுவரோவியங்களுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கினார்கள். டென்மார்க்கிலும் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிந்திய காலங்களில் பழைய ஓவியங்கள் வெள்ளைக்குக் கீழே போயின. அடித்த வெள்ளை சுண்ணாம்பு வெள்ளை. புகை, கை, வெளிச்சம் எதுவும் படாமல் அது போர்வையாகக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க்கின் சிற்றூர்த் தேவாலயங்களில் அந்த வெள்ளையை மெதுவாக உரித்தபோது கீழே புனிதர்களும் அரக்கர்களும் உழவர்களும் நிறத்தோடு இருந்தார்கள். உரித்தவர்களில் சிலர் ஆர்வத்தில் புதிதாக வரைந்து சேர்த்தும் விட்டார்கள். என்னைக் கேட்டால், வெள்ளையால் போனதைவிட அந்த ஆர்வத்தால் போனது பெரிது.

நமது ஊர்களில் எந்தப் பழைய சுவரிலும் வெள்ளை அடித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பு போனால் சுவர் மூச்சு விடும். பின்னால் வருகிற ஒருவர் சின்னக் கத்தியும் பொறுமையும் கொண்டு அதை நீக்கலாம். இமல்ஷன் பெயின்ற் அப்படியல்ல. அது சவ்வாகப் படிந்து ஈரத்தை உள்ளே அடைக்கும். உரிந்தால் தன்னோடு பழைய முகத்தையும் உரித்துக்கொண்டு வரும். சீமெந்துப் பூச்சு இன்னும் மோசம். கீழே ஒரு முழ உயரத்துக்குச் சீமெந்து பூசினால் நிலத்து ஈரம் அங்கே வெளியேற முடியாமல் மேலே ஏறும். அதுவரை உப்பே தொடாத உயரத்தில் இருந்த ஓவியத்துக்கு அன்றிலிருந்து உப்பு போகத் தொடங்கும்.

கிராமத்துத் தேவாலயமும் அதன் ஓவியமும் சேர்ந்து பிழைத்ததற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் சைப்பிரஸ் தீவின் துரூடோஸ் மலை. அங்குள்ள பைசாந்தியக் காலத்துச் சிற்றாலயங்களை யுனெஸ்கோ 1985-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. இப்போது அந்தப் பட்டியலில் பத்து ஆலயங்கள். அசினு என்ற இடத்திலுள்ளதன் பழைய ஓவியங்கள் 1105–06-ஐச் சேர்ந்தவை. வெளியிலிருந்து பார்த்தால் நெல்லுக் களஞ்சியமோ என்று நினைக்கத் தோன்றும் சின்னக் கட்டடங்கள். அவற்றின் கல் வளைவுக்கு மேலே, மழையும் பனியும் வழிந்தோட, நல்ல சரிவாக மரம் போட்டு ஓடு வேய்ந்த இரண்டாவது கூரை ஒன்று இருக்கிறது. ஓடு உடைந்தால் ஊரவர்களே ஏறி மாற்றிவிடலாம். உள்ளே தலை முதல் கால் வரை ஓவியம். தங்கப் பூச்சோ பெரிய கொடையோ அல்ல, அந்த ஓட்டுக் கூரைதான் அவற்றை நமக்குத் தந்தது.

நமக்குக் கிட்ட, மத்திய காலத்துச் சுவரும் நிறமும் சேர்ந்து மிஞ்சியிருக்கும் இடம் பொலன்னறுவை. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்துச் செங்கல் கட்டடமான திவங்க பிலிமகே, நகரின் வடக்கு ஓரத்தில், மற்ற இடிபாடுகளிலிருந்து விலகி நிற்கிறது. மூன்று வளைவாக நிற்கும் புத்தர் சிலையால் அந்தப் பெயர். சிலையின் தலை போய்விட்டது. மேல் வளைவு இடிந்து எப்போதோ விழுந்துவிட்டது. வெளிச்சுவரின் மாடங்களையும் தூண்களையும் பார்த்தால் தமிழ்நாட்டு விமானங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. சோழர் இருந்து ஆண்ட நகரம் அது. அவர்கள் கட்டிய வானவன்மாதேவி ஈஸ்வரம் அதே பொலன்னறுவையில் கல்லாக நிற்கிறது. கொத்தனுக்கும் சுதை வேலைக்காரனுக்கும் அரசர் மாறினாலும் கை மாறுவதில்லை.

உள்ளே போனால் ஒடுங்கிய இடம், இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். முன்பகுதிச் சுவர்களில் ஜாதகக் கதைகள்: வெஸ்ஸந்தர மன்னன் எல்லாவற்றையும் தானம் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போகும் கதை அதில் உண்டு. கருவறைப் பக்கம் தேவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், உலகில் வந்து பிறக்கும்படி போதிசத்துவரை வேண்டுவதற்காக. இரண்டும் ஒரே கை அல்ல. ஜாதகக் கோடு கதை சொல்லிக்கொண்டு விரைந்து ஓடுகிறது. தேவர்களின் முகக் கோடு நின்று, மூச்சுப் பிடித்து இழுத்த கோடு. புருவத்தில் தொடங்கித் தடிப்பு மாறாமல் மூக்குவரை இறங்குகிறது. சிவப்பும் மஞ்சளும் மிஞ்சியிருப்பது அவை காவிமண் என்பதால். மண் நிறங்களைச் சுண்ணாம்பு அரிக்காது.

ஆனால் நான் அங்கே நெடுநேரம் நின்று பார்ப்பது தேவர்களை அல்ல. ஒரு முகத்துக்குப் பக்கத்தில் பூச்சு விழுந்து செங்கல் தெரியும் விளிம்பை. அந்த விளிம்பில் சுவரின் குறுக்குவெட்டு முழுவதும் படித்துவிடலாம். செங்கல், அதன்மேல் செங்கல்லின் மேடுபள்ளத்தை நிரப்பிய முரட்டுப் பூச்சு, அதன்மேல் நைசான வெள்ளைப் பூச்சு, அதன்மேல் நிறம். முரட்டுப் பூச்சின் மேற்பரப்பைக் கரகரப்பாக விட்டால்தான் நைசுப் பூச்சு பிடிக்கும். எங்கே பிடிமானம் நல்லதோ அங்கே முகம் இருக்கிறது. எங்கே மேல்பூச்சு கீழ்ப்பூச்சைவிட்டுக் கிளம்பியதோ அங்கே செங்கல் இருக்கிறது. ஓவியனின் பெயரும் நமக்குத் தெரியாது, பூச்சுக்காரனின் பெயரும் தெரியாது. என் வணக்கத்தை இருவருக்கும் சமமாகப் பங்கிடுகிறேன்.

1885-இல் பறோஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி காடு வெட்டிய காலத்தில் இந்த ஓவியங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அதற்குப் பிறகு தொல்லியல் ஆணையாளர் எச்.சி.பி. பெல் பிரதிகள் எடுக்க ஏற்பாடு செய்தார். 1896–97-இல் சீகிரியாவில் கயிற்றில் தொங்கி ஓவியங்களைப் பிரதி செய்த டி.ஏ.எல். பெரேரா அவருடைய ஆள். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்கும் மரத்துக்கும் இடையே தாக்குப்பிடித்த நிறம், காடு வெட்டி வெயிலும் மழையும் நேரே விழுந்த பிறகு வேகமாகப் போனது. பழைய பிரதிகளில் இருக்கும் சில பகுதிகளை இன்று சுவரில் தேடினால் கிடைக்காது. இப்போது கட்டடத்துக்கு மேலே கூரை இருக்கிறது. திறந்துவிடுவது பாதுகாப்பது ஆகாது என்று நான் சொல்லித் திரிவது இதனால்தான்: கூரைக்கான தகரம் வந்து இறங்காமல் எந்த இடிபாட்டின் உட்சுவரிலும் மண்ணை அகற்றக் கூடாது.

ஈரச் சுண்ணாம்பில் வரைவதன் உச்சம் தமிழருக்குத் தஞ்சாவூரில் இருக்கிறது. பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிவரும் இருண்ட உள்நாழியில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்குக் கீழே சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். சென்னை அருங்காட்சியகத்து வேதியியலாளர் எஸ். பரமசிவன் அதன் பூச்சை ஆராய்ந்து, பூச்சு ஈரமாக இருக்கும்போதே வரைந்தவை என்று காட்டினார். ஈரச் சுண்ணாம்பு காய்ந்து கல்லாகும்போது நிறத்துணுக்குகளைத் தன் பளிங்குக்குள் பூட்டிக்கொள்ளும். பசை எதுவும் வேண்டியதில்லை. அந்த ஈரம் ஓவியனுக்காகக் காத்திருக்காது. எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுதான் பூச வேண்டும். ஆகவே பூச்சுக்காரனும் ஓவியனும் ஒருவர் வேகத்தை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்கு விரையும் காட்சியைப் பார்க்கும்போது, கீழே நின்று அடுத்த துண்டுப் பூச்சுக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தவனையும் நினைத்துக்கொள்கிறேன். பின்னால் இந்தியத் தொல்லியல் துறை நாயக்கர் படலத்தைப் பூச்சோடு தனியாகக் கழற்றிப் பலகைகளில் ஏற்றி, இரண்டு காலத்து ஓவியங்களையும் காப்பாற்றியது. ஒன்றை எடுக்க மற்றதைச் சுரண்டித் தள்ளாமல் செய்தார்களே, அதைத் தொழில் என்று சொல்லலாம்.

கேரளத்தில் முறை வேறு. அங்கமாலி, காஞ்ஞூர், அகப்பறம்பு தேவாலயங்களில் விவிலியக் காட்சிகளை அந்த நாட்டுச் சுவரோவிய மரபிலேயே வரைந்திருக்கிறார்கள். அங்கே பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, சுண்ணாம்பை இளநீரில் கலக்கிப் பல தடவை மெல்லப் பூசி முகத்தைத் தேற்றுவார்கள். நிறத்தை வேப்பம்பிசின் போன்ற பசையோடு சேர்ப்பார்கள். இப்படிக் காய்ந்த சுவரில் எழுதிய ஓவியத்தின்மேல் ஈரத் துணியை வைக்கவே கூடாது. நிறம் துணியோடு வந்துவிடும். ஈரத்தில் எழுதியதா, காய்ந்த பின் எழுதியதா என்று அறியாமல் துடைக்கப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு உடம்பு நடுங்கும்.

என் சொந்த வேலை பெரும்பாலும் விரல் மூட்டால் நடப்பது. பூச்சை மெதுவாகத் தட்டிக்கொண்டு போவேன். பிடித்திருக்கும் இடம் கெட்டியாகக் கேட்கும். கிளம்பிய இடம் கூடாகக் கேட்கும். கூடான இடத்தின் எல்லையை ஒளிப்படத்தின் பிரதியில் குறிப்பேன், சுவரில் ஒருபோதும் குறிப்பதில்லை. ரோச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத புடைப்பெல்லாம் நிழல் விழுத்திக் காட்டும். உதிரும் நிலையில் இருந்தால் முதலில் யப்பானிய மெல்லிய தாளை வைத்து முகத்தைப் பிடித்துக்கொள்வேன். பிறகு ஏற்கெனவே இருக்கும் வெடிப்பு வழியாக, ஊசியால் கொஞ்சம் தண்ணீரும் மதுசாரமும் கலந்து உள்ளே விட்டுத் தூசியை நனைப்பேன். அதன்பின் துணியில் வடித்த சுண்ணாம்புப் பாலோடு மிக நைசான கற்பொடி கலந்து ஏற்றுவேன். ஏற்றும்போது மற்றக் கை பஞ்சோடு வெளியில் இருக்க வேண்டும். கீழே எங்காவது கசிந்து நிறத்தின்மேல் வழிந்தால் அந்தக் கணமே ஒற்றி எடுக்க வேண்டும். பஞ்சு வைத்த பலகையால் இலேசாக முட்டுக்கொடுத்து இரவு விட்டுவிட்டால் காலையில் தட்டிப் பார்க்கலாம். கூடான சத்தம் கெட்டியாக மாறியிருக்கும். என் தொழிலில் அதைவிட இனிய சத்தம் எனக்கு வேறில்லை.

உடைந்த விளிம்புகளுக்குச் சுண்ணாம்புச் சாந்தால் சரிவாக ஒரு கரை கட்டுவோம், தண்ணீரும் எறும்பும் பின்னால் போகாதபடி. விழுந்த இடத்தை நிரப்பினால், பழைய முகத்தைவிட மயிரிழை தாழ்த்தி, சுவரின் நிறத்தில் விட்டுவிடுவோம். ரோமில் 1939-இல் தொடங்கிய மறுசீரமைப்பு நிறுவனத்தில் செசாரே பிராண்டி வகுத்த வழி ஒன்று உண்டு: நிரப்பிய இடத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிறம் ஏற்றுவது. தூரத்தில் நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும், கிட்டப் போனால் எது பழையது எது புதியது என்று யாருக்கும் புரியும். நேர்மையான வழி. போன கண்ணை நாமாக வரைவது, போன கையை நாமாகச் சேர்ப்பது எல்லாம் எவ்வளவு பக்தியோடு செய்தாலும் பொய். பழைய ஓவியனின் முகத்தில் நம் ஓவியத்தை எழுதி, அவன் பெயரில் காட்டுகிறோம்.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் போருக்குப் பின் பழைய ஆலயங்களைத் திரும்பக் கட்டுகிற வேலை நிறைய நடந்திருக்கிறது, நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் வருகிறது. புதிதாகப் பளபளவென்று பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரியாததல்ல. இடிந்ததையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அவை. அதனால்தான் பங்குச் சபைகளையும் கோயில் பரிபாலன சபைகளையும் கேட்டுக்கொள்கிறேன். சுண்ணாம்புச் சுவர் உள்ள கட்டடத்தில் சுத்தியல் வைக்குமுன் ஒழுகும் கூரையை முதலில் அடைத்துவிடுங்கள். சுவரைப் பகல் வெளிச்சத்தில் முழுவதும் படம் எடுத்து வையுங்கள். யாரும் கவனிக்காத ஒரு மூலையில், உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும், வெள்ளையைப் படலம் படலமாக நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, தொல்லியல் திணைக்களத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிப்பவர்களுக்கோ அறிவியுங்கள். நிறம் தெரியாவிட்டாலும் சீமெந்து வேண்டாம், சுண்ணாம்பே பூசுங்கள். பழகின மேசன்மார் இன்னும் சிலர் இருக்கிறோம். கொத்தி எடுத்த பூச்சு முற்றத்தில் குவிந்து கிடக்கும்போது எங்களைக் கூப்பிட்டால் செய்வதற்கு எதுவும் இராது. கொத்துவதற்கு முன் கூப்பிடுங்கள்.